உள்ளங்காலை நக்கும் நாய்

(கோவையில் நாய் வளர்ப்போர் கூட்டம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார். "ஏனுங்க டாக்டர், வயித்துக்குச் சேரலைன்னா நாய் புல்லைத்தானுங்க தேடிப்போய்த் திங்குது? அதுக்குப் புல்லே ஆகாதுன்னா எப்படிங்க?" நியாயமான கேள்வி. நாய் மெல்லுவது புல்லின் இலையை. அது பெரும்பாலும் வாந்தியாகவோ மலத்தோடோ வெளியே போய்விடும். நான் இன்றைக்குப் பேச வந்தது புல் பூக்கும்போது காற்றில் விடுகிற மகரந்தத்தைப் பற்றி. அந்தத் தூள் நாயின் தோலில் படிந்து, தோல் வழியாகவே உள்ளே போய்ச் செய்கிற வேலையைப் பற்றி.

மனிதருக்கு மகரந்தம் ஆகவில்லை என்றால் அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூக்கு ஒழுகும், கண் சிவக்கும். அதனால் நம் வீட்டு நாய்க்கும் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறோம். சில நாய்கள் தும்மும், சிலவற்றுக்குக் கண்ணில் நீர் வடியும், அது உண்மைதான். ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு இந்த ஒவ்வாமை தோலில்தான் தெரியும். காலை நக்கும், பாதத்தைக் கடிக்கும், முகத்தைச் சோபாவில் தேய்க்கும், காதை உதறும், வயிற்றைத் தரையில் இழுக்கும். வீட்டில் இருப்பவர்கள் இதை நோய் என்றே நினைப்பதில்லை. "சும்மா இருந்தா கால நக்கிக்கிட்டே இருப்பான் சார், அது அவன் பழக்கம்" என்பார்கள். ஒரு லேப்ரடாரோ பக்கோ நாள் முழுக்க உட்கார்ந்து பாதத்தை நக்குகிறது என்றால் அதற்கு அங்கே அரிக்கிறது. பழக்கம் என்று சொல்வதற்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

வெள்ளை அல்லது வெளிர்நிற நாய் வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். முன்னங்காலைத் தூக்கி, விரல்களுக்கு நடுவே ரோமத்தை விலக்கிப் பாருங்கள். ரோமம் துரு ஏறினதுபோல் செம்பழுப்பாக இருந்தால், அது மண்ணின் கறை இல்லை. எச்சிலில் போர்ஃபைரின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. மாதக்கணக்கில் நக்கினால் ரோமம் அந்த நிறத்துக்கு வந்துவிடும். எந்த ஷாம்பூ போட்டாலும் போகாது. நக்குவது நின்று புது ரோமம் முளைத்தால்தான் போகும். நாயின் உரிமையாளர் சொல்லாமல் விட்டதை அந்தக் கறை எனக்குச் சொல்லிவிடும்.

ஏன் பாதம்? நடக்கும்போது புல்லில் படுவது அதுதான். அடிவயிறு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களிலும் ரோமம் குறைவு. புல்லில் படுத்துப் புரண்டால் தோல் நேரடியாக உரசும். போன தலைமுறை மருத்துவர்கள் நாய் மகரந்தத்தை மூச்சில் இழுப்பதால்தான் இந்தத் தொல்லை என்று நினைத்தார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. தோல் வழியாக நுழைவதே முக்கியமான பாதை. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஒவ்வாமைக்கு ஆளாகும் நாய்களில் அந்தத் தோலின் தடுப்புச் சக்தி குறைவு. செல்களுக்கு இடையே இருக்கவேண்டிய கொழுப்புப் பூச்சு சரியாக இருக்காது. அந்த வழியாக மகரந்தத்தின் புரதம் உள்ளே போகிறது. உடல் அதை எதிரியாக எண்ணி ஐ.ஜி.ஈ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது தோலிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதே மகரந்தம் வரும்போது மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். தோல் சிவந்து சூடாகும். இதோடு இன்டர்லூக்கின்-31 என்ற ஒன்றும் சுரக்கிறது. 2004-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அரிப்பு என்ற செய்தியை நரம்புக்குக் கொண்டுபோவது அதுதான். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

இந்த நோய் எப்போது தொடங்கும்? பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள். எட்டு வயது நாய்க்கு முதன்முதலாக அரிப்பு வந்தால் நான் மகரந்தத்தைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, பக், பிரெஞ்சு புல்டாக், பாக்ஸர், ஷிட்சு ஆகிய இனங்களில் அதிகம். நாட்டு நாய்க்கு வராதா என்றால், வரும். ஆனால் என் மேஜைக்கு வருவதில் இந்த இனங்கள்தான் அதிகம்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவையில் எந்தச் செடி?

முதலாவது, பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல். உலகம் முழுக்க வெப்ப நாடுகளில் மனிதருக்கும் நாய்க்கும் ஒவ்வாமை தருகிற புற்களில் முன்வரிசையில் நிற்பது அதுதான். இங்கிலீஷ்காரர்கள் பெர்முடா புல் என்கிறார்கள்; அமெரிக்காவின் வெப்பமான பகுதிகளில் கோல்ஃப் மைதானம் முழுக்க அதையே போடுகிறார்கள். இதன் தொல்லை என்னவென்றால், எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் தரையோடு தரையாகப் பூத்துவிடும். நாலு விரல் பிரிந்த மாதிரி சின்னக் கதிர் வரும் பாருங்கள், அதுதான் பூ. அந்தக் கதிர் உயரம் நாயின் பாதத்துக்கும் வயிற்றுக்கும் சரியாக இருக்கிறது. சாறு எடுத்துக் குடிக்கிற நமக்கும் பூவின் தூள் ஆகாமல் போகலாம். சாறு நல்லது என்பதால் மகரந்தம் நல்லதாகிவிடாது.

இரண்டாவது பார்த்தீனியம். காலி மனை, ரயில்வே ஓரம், வாய்க்கால் கரை, எங்கு பார்த்தாலும் கேரட் இலை மாதிரி இலையும் பொடி வெள்ளைப் பூவுமாக நிற்கும். மெக்சிகோ பக்கத்துச் செடி. 1955 வாக்கில் புனேயில் கவனத்துக்கு வந்தது. அமெரிக்கக் கோதுமையோடு கப்பலேறி வந்தது என்று சொல்வார்கள். ஒரு செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் போடும். ஈரம் இருந்தால் போதும், வருஷம் முழுக்கப் பூக்கும். இது இரண்டு விதமாகத் தொல்லை தரும்: மகரந்தம் ஒன்று, செடியின் மேலுள்ள பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் இன்னொன்று. களை பிடுங்கும் பெண்களின் கையிலும் கழுத்திலும் தோல் தடித்துக் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த வேலையைச் செய்வது பார்த்தீனின்தான். இதைத் தின்றுதீர்க்கும் மெக்சிகோ வண்டு ஒன்றை 1984-ல் பெங்களூரில் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. செடியும் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

கோரை, சோளம், மக்காச்சோளம், சீமைக்கருவேலம் என்று பட்டியல் நீளும். அதையெல்லாம் சொல்லி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. பருவம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மழை பெய்து புல் தழைத்து, வெயில் திரும்பியதும் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வரும் வாரங்களில் எங்கள் மருத்துவமனையில் காது நோயும் பாத நோயும் கூடும். அடுத்தது ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கோ பூத்ததையும் வாரிக்கொண்டுவந்து நம் வாசலில் போடும். உங்கள் தெருவில் ஒரு செடிகூட இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. காற்றில் போகிற மகரந்தம் பல மைல் போகும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அங்கே அழகுக்காக ஊதா நிற இலையுள்ள ஒரு கொடியைத் தரையில் படரவிடுகிறார்கள். டிரேடஸ்கான்ஷியா வகையைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துச் செடி படர்ந்த தோட்டங்களில் புரளும் நாய்களுக்கு அடிவயிறு சிவந்து கொப்புளிப்பது ஆஸ்திரேலியாவில் மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி. இதில் மகரந்தத்துக்கு வேலையில்லை. செடியைத் தொட்டாலே வருவது. உங்கள் நாய்க்கு வயிற்றில் மட்டும் தடிப்பு, முகத்திலும் காதிலும் ஒன்றுமில்லை என்றால் முதலில் தோட்டக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பாத்தியை வேலி போட்டு அடைக்கச் சொல்லுங்கள். மருந்து பிறகு பார்க்கலாம்.

கொஞ்சம் பழைய கதை சொல்லட்டுமா? மகரந்தம்தான் இந்த நோய்க்குக் காரணம் என்பதை மனிதர்களில் நிரூபித்தவர் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவருக்கே அந்த நோய் இருந்தது. மகரந்தத்தைத் தன் மூக்கிலும் தோலிலும் தானே வைத்துப் பார்த்தார். பிசின் தடவிய கண்ணாடித் தகட்டைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு வானத்தில் எவ்வளவு மகரந்தம் இருக்கிறது என்று எண்ணினார். 1873-ல் புத்தகமாகப் போட்டார். 1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்டு நூன் என்ற இளைஞர் புல் மகரந்தத்தைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி நோயாளிகளுக்கு ஊசி போட்டார். புல்லில் ஏதோ விஷம் இருக்கிறது, அதற்கு உடலைப் பழக்குகிறோம் என்பது அவர் எண்ணம். விஷம் என்ற எண்ணம் தப்பு, சிகிச்சை சரி. மருத்துவத்தில் இப்படி நிறைய உண்டு. நூன் காசநோயில் இரண்டே வருஷத்தில் இறந்துபோனார். ஐ.ஜி.ஈ-யை இஷிசாகா தம்பதியர் கண்டுபிடித்தது 1966-ல். அதாவது நூனின் ஊசி ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வதற்கான முதல் பிடி கிடைக்கவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நாய்? 1941-ல் அமெரிக்காவில் ஃபிரெட் விட்டிக் என்ற மருத்துவர், மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர், பருவந்தோறும் அவதிப்பட்ட ஒரு நாயைப் பற்றி எழுதினார். ராக்வீடு என்ற களைச் செடி பூக்கும் பருவத்தில் அதற்குத் தொல்லை வரும். பார்த்தீனியமும் அந்த ராக்வீடும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். விட்டிக் அந்த நாய்க்கு மகரந்தக் கரைசலை ஊசியாகப் போட்டுக் குணம் காட்டினார். நாய்க்கும் மகரந்த ஒவ்வாமை தானாக வரும் என்பதற்கு மருத்துவ ஏட்டில் ஏறிய முதல் சாட்சி அந்த நாய். 1970-களில்தான் நாயின் ஐ.ஜி.ஈ-யைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அரிக்கிற நாயெல்லாம் மகரந்த ஒவ்வாமை நாய் இல்லை. இதை ரத்தப் பரிசோதனையால் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையும் தோலில் ஊசிகுத்திப் பார்க்கும் பரிசோதனையும் எந்த மகரந்தம் என்று தேர்வு செய்யத்தான் பயன்படும். நோய் இதுதானா என்பதை மருத்துவர் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் சொல்ல முடியும். ரோமத்தையும் எச்சிலையும் தபாலில் அனுப்பினால் ஒவ்வாமைப் பட்டியல் தருகிறோம் என்று விளம்பரம் வரும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட பரிசோதனைக்கு நிஜ நாயின் மாதிரிகளோடு செயற்கை ரோமத்தையும் சேர்த்து அனுப்பிவைத்தார்கள். அதற்கும் ஒவ்வாமை இருக்கிறது என்று பதில் வந்தது. காசைக் கரியாக்க வேண்டாம்.

நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். நாய் மேஜையில் ஏறியதும் முதலில் வாலுக்கு மேலே, இடுப்பில் கை வைப்பேன். அங்கே ரோமம் உதிர்ந்து புண் இருந்தால் தெள்ளுப்பூச்சி. ரோமத்தைச் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் வைத்தால் செம்பழுப்பாகக் கரையும். அது தெள்ளின் கழிவு, நாயின் ரத்தம். அடுத்து காது மடலின் ஓரம். அதை இரண்டு விரலால் மடக்கித் தேய்ப்பேன். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கினால் சொறிப்பூச்சி என்று பலத்த சந்தேகம். மகரந்த ஒவ்வாமை உள்ள நாய்க்குக் காதின் உட்புறம் சிவந்திருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். முன்னங்கால் பாதிக்கப்பட்டிருக்கும், இடுப்பு நன்றாக இருக்கும். 2010-ல் கிளாட் ஃபாவ்ரோ என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவும் எட்டு அடையாளங்களைத் தொகுத்தார்கள். மூன்று வயதுக்கு முன் தொடங்குவது, பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்வது, புண் வரும் முன்பே அரிப்பு வருவது, ஸ்டீராய்டுக்கு அரிப்பு அடங்குவது என்பதோடு நான் சொன்ன காது, கால், இடுப்பு அடையாளங்களும் சேரும். உலகெங்கும் மருத்துவர்கள் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம்.

தெள்ளும் சொறிப்பூச்சியும் இல்லை என்று உறுதியான பிறகு உணவு. நம் வீடுகளில் நாய்க்குக் கோழி, தயிர்சாதம், பிஸ்கட் என்றுதான் போகும். உணவு ஒவ்வாமை அதிகம் பதிவாகியிருப்பது மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை ஆகியவற்றுக்கு. நாய் இதுவரை சாப்பிடாத ஒரே இறைச்சியும் ஒரே மாவுப்பொருளும், அல்லது புரதத்தைச் சிறுதுண்டாக உடைத்துச் செய்த தீவனம், இதை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் கூடாது. இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும். அப்பாவும் அம்மாவும் ஒழுங்காக இருப்பார்கள். தாத்தா மேஜைக்குக் கீழே ரகசியமாகக் கோழி எலும்பைக் கொடுத்துவிடுவார். எட்டு வாரத்தில் அரிப்பு அடங்கி, பழைய உணவைத் திரும்பத் தந்ததும் வந்தால் உணவுதான் காரணம். அடங்கவே இல்லையென்றால் மகரந்தம், தூசி, பூஞ்சை என்று காற்றில் இருப்பவற்றைப் பார்க்க வேண்டும். வருஷத்தில் சில மாதம் மட்டும் அரிக்கிறதா, எப்போதும் அரிக்கிறதா என்று அப்போது கேட்பேன். பருவத்துக்கு மட்டும் வந்தால் மகரந்தம். வருஷம் முழுக்க என்றால் வீட்டுத் தூசியில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுண்ணிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பல நாய்களுக்கு இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றாக இருக்கும். தூசி கொஞ்சம், மகரந்தம் கொஞ்சம், இரண்டு தெள்ளு, காதில் சிறு பூஞ்சை. ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் நாய் தாங்கிக்கொள்ளும். மயிலிறகு ஏற்றிய வண்டி அச்சு முறிந்த கதை நமக்குத் தெரியும். அதே நியாயம்தான் இங்கும். மகரந்தத்தை நம்மால் ஒழிக்க முடியாது. தெள்ளை ஒழிக்கலாம், பூஞ்சையை ஆற்றலாம், தூசியைக் குறைக்கலாம். பாரம் குறைந்தால் அருகம்புல் அப்படியே இருந்தாலும் நாய் சொறிவதை நிறுத்திவிடும். இதனால்தான் அரிப்புக்கு வந்தவர்களுக்கு தெள்ளையும் ஒழிக்கும் உண்ணி மாத்திரையை எழுதித் தருகிறேன். "அவனுக்கு உண்ணியே இல்லைங்களே" என்று கோபப்படாதீர்கள்.

வீட்டில் செய்யவேண்டியது அதிகம் இல்லை. வெளியே போய்வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வா என்று நம்மை வளர்த்தார்கள் அல்லவா, நாய்க்கும் அதைச் செய்யுங்கள். வாசலில் ஒரு குவளைத் தண்ணீர், ஒரு துணி. கழுவியதும் விரலிடுக்கை உலரத் துடைக்க வேண்டும். ஈரம் நின்றால் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை பெருகி, புளித்த வாடை வரும். பூக்கும் பருவத்தில் வாரம் ஒரு குளியல், குளிர்ந்த நீரில். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். ஷாம்பூ நுரை பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் போட்ட கையோடு கழுவிவிடுகிறோம். மனிதர் சோப்பு வேண்டாம், ஆஸ்பத்திரி வாசனை வரும் கிருமிநாசினி வேண்டாம். நாயின் தோலின் அமிலத்தன்மை வேறு. ஏற்கனவே உடைந்த தடுப்பு இன்னும் உடையும். எந்த நேரம் நடக்கப் போகலாம் என்று கேட்பீர்கள். காலை வெயிலில் பனி உலர்கிற வேளையில்தான் புல் மகரந்தத்தை அதிகம் விடும் என்பது உண்மை. ஆனால் நேரத்தைப் பார்த்துத் தவிப்பதைவிடக் கால் கழுவுவதில் பலன் அதிகம். நடையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குள் அடைத்துவைத்த லேப்ரடார் குண்டாகும், சலிப்பில் இன்னும் நக்கும்.

கை வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். வேப்பிலை வேகவைத்து ஆறவைத்த தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், நான் தடுக்கமாட்டேன். வேப்பெண்ணெயை அப்படியே புண்ணில் பூசாதீர்கள், எரியும். மண்ணெண்ணெயும் வண்டியின் கழிவு ஆயிலும் பூசுகிறவர்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். நாய் அதை நக்கும், தோலும் அதை உறிஞ்சும். கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். நமக்குச் சளிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுப்பதும் இதே ரகம்தான். அரிப்பு மருந்தோடு பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் அதில் சேர்ந்திருக்கும். நாயின் உயிரையே எடுத்துவிடும்.

மருந்துகளில் முதலில் ஸ்டீராய்டு. இதைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி "ஸ்டீராய்டா, ஐயோ!" என்னும். இன்னொரு கட்சி "போன தடவை போட்ட அந்த ஊசியைப் போடுங்க, அடுத்த நாளே நின்னுடுச்சு" என்னும். இரண்டும் ஆபத்து. துடித்துக்கொண்டிருக்கும் நாய்க்கு ஒரு வாரம் பிரட்னிசலோன் மாத்திரை, பிறகு படிப்படியாகக் குறைப்பது என்பது நல்ல வைத்தியம், மலிவானதும்கூட. வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் டெப்போ ஊசியை மாதாமாதம் போடுவது வேறு. அந்த நாய் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும், வீட்டுக்குள் மூத்திரம் போகும், எதைக் கண்டாலும் தின்னும், வயிறு தொங்கும், தோல் காகிதமாகும். ஒரு கட்டத்தில் உடம்பு தானே சுரக்கவேண்டிய ஸ்டீராய்டை நிறுத்திவிடும். திடீரென்று ஊசியை விட்டால் நாய் சுருண்டு விழும். இதில் மருத்துவர்களான எங்கள் பங்கும் உண்டு. காத்திருக்கும் கூட்டமும் உடனே நிற்கவேண்டும் என்ற அவசரமும் எங்களை அந்த ஊசியை நோக்கித் தள்ளுகின்றன. நீங்கள் கேட்காமல் இருந்தால் நாங்களும் யோசிப்போம்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் போன்றவை நாய்க்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. ஹிஸ்டமின் மட்டும் இங்கே குற்றவாளி இல்லை என்பதே காரணம். மீன் எண்ணெய் உதவும், ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். 2013-ல் அமெரிக்காவில் ஒக்லாசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அரிப்பு சமிக்ஞை நரம்புக்குப் போகும் பாதையை அது அடைக்கிறது; ஒரு நாளுக்குள் பலன் தெரியும். ஒரு வயது நிரம்பாத நாய்க்குத் தரக்கூடாது, நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் தரவேண்டும். அடுத்து லோக்கிவெட்மாப் என்ற ஊசி, 2016-ல் அங்கே முழு அனுமதி பெற்றது. நான் நினைவில் வைக்கச் சொன்னேனே, இன்டர்லூக்கின்-31, அதை மட்டும் தேடிப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். ஒரு ஊசி ஏறக்குறைய ஒரு மாதம் நிற்கும். இரண்டுமே விலை கூடியவை. வாங்க முடியாதவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். குளியலும் உண்ணி மருந்தும் அளவான ஸ்டீராய்டும் கொண்டு நன்றாக வாழ்கிற நாய்களை எனக்குத் தெரியும்.

இவை எல்லாம் அரிப்பை அடக்குபவை. நோயின் போக்கையே மாற்றக்கூடியது ஒன்றுதான்: நூன் 1911-ல் தொடங்கிய அதே வழி. எந்த மகரந்தம் என்று பரிசோதித்து, அதையே சிறு அளவில் தொடங்கி மாதக்கணக்கில் ஊசியாகவோ நாக்கடியில் சொட்டாகவோ கொடுப்பது. பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பலன் உண்டு. பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே ஒரு வருஷம் ஆகலாம். இந்த ஒரு வருஷத்தைச் சொன்னதும் எழுந்து போனவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வயது நாய்க்கு இன்னும் பத்து வருஷ வாழ்க்கை இருக்கிறது. இளம் நாய், பருவத்துக்குப் பருவம் மோசமாகிறது, குடும்பம் பொறுமையானது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நகரத்து நாய்க்குத்தான் இது அதிகமா என்று முன்வரிசையில் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். பின்லாந்தில் 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, நகரத்தில் வாழும் நாய்களுக்கும் அவற்றின் எஜமானர்களுக்கும் ஒவ்வாமை ஒருசேர அதிகமாக இருப்பதைக் காட்டியது. மண்ணிலும் கால்நடைகளோடும் புழங்கி வளர்கிற உடம்பு எதை எதிர்க்கவேண்டும், எதை விடவேண்டும் என்று கற்றுக்கொள்கிறது என்பது ஒரு கருத்து. அதற்காக அரிக்கிற நாயைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள். கற்கும் வயது குட்டிப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது.

கட்டிவிடுவதைப் பற்றிப் பேசியதால் சொல்லிவிடுகிறேன். புறவழிச்சாலையில் கழுத்துப்பட்டையோடு அலைகிற ரோமம் உதிர்ந்த லேப்ரடாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "வீட்ல குழந்தை இருக்கு, ஒட்டிக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். சொறிப்பூச்சி மனிதருக்கு ஒட்டும், மருந்து போட்டால் சில வாரத்தில் தீரும். மகரந்த ஒவ்வாமை ஒட்டவே ஒட்டாது. குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் தந்தையின் பாதத்தையும் காதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். இது பரம்பரையாக வருவது. அரிப்புள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இந்த நோய் தீராது. அடங்கியிருக்கும், கிளம்பும், திரும்ப அடங்கும். அதை ஏற்றுக்கொண்ட வீட்டில் நாய் நன்றாக இருக்கிறது. ஊசி தேடி மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் ஓடுகிற வீட்டில் நாயும் படுகிறது, பணமும் போகிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: அரிப்பு எந்த மாதம் தொடங்கியது, உடம்பில் எந்த இடத்தில் முதலில், என்னென்ன சாப்பிடுகிறது, தாத்தா தருவது உட்பட, கடைசியாக உண்ணி மருந்து எப்போது, இதுவரை போட்ட ஊசிகளின் சீட்டு. எந்த ரத்தப் பரிசோதனையைவிடவும் அந்தத் தாள் எனக்கு உதவும்.